தொட்டி மணலில் நான் தெளித்த தண்ணீர்

புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளே,

எனக்கு எழுத வராது என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன். விடாமல் ஆபீசிலிருந்து ஒரு நோட்டைக் கையில் கொடுத்துவிட்டார்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். வரி கோணலாகப் போகும். ஒன்றைச் சொல்ல ஆரம்பித்து இன்னொன்றில் போய் நிற்பேன். சிலது மறந்தும் போய்விட்டது. பொறுத்துக்கொண்டு படியுங்கள். பேச்சிலும் நான் அப்படித்தான். நாலு பேர் கூடினால் சுவரோரம் போய் நின்றுகொள்வேன். இந்த லேபில் அட்டெண்டராக இருந்த இத்தனை வருஷத்தில், யாரும் கேட்காமல் நானாக வாயைத் திறந்தது ஒரே ஒரு நாள்தான். அதைத்தான் எழுதப் போகிறேன்.

நீங்கள் வேலை செய்யும் கொட்டகை முன்பு சாக்குக் கிடங்காக இருந்தது. உள்ளே இருக்கும் நீளத் தொட்டியை எண்ணூர் முகத்துவாரத்துக்காகக் கட்டினார்கள். முகத்துவாரம் ஏன் மணல் மூடிக்கொள்கிறது, திருவொற்றியூர் கரையைக் கடல் ஏன் தின்கிறது என்று பார்ப்பதற்காக. தொட்டியில் மணலைப் பரப்பி, சின்னதாக ஓர் ஆற்றையும் கரையையும் செய்து, தண்ணீரைத் திறந்து விடுவார்கள். மணலைச் சலிப்பது, பரப்புவது, பலகை வைத்து இழுத்து மட்டம் செய்வது என் வேலை. நான் இழுத்த மணல் மேல் ரசமட்டம் வைத்தால் குமிழி நட்ட நடுவில் நிற்கும். எனக்கு அதில் கொஞ்சம் பெருமை உண்டு.

காலை ஏழு மணிக்கு நான்தான் கதவைத் திறப்பேன். ரோட்டில் துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் வண்டிகள் வரிசைகட்டி நிற்கும். அந்தத் தூசியும் கரித்தூளும் கூரை இடுக்கு வழியாக இறங்கி எல்லாவற்றின் மேலும் படிந்திருக்கும். விரலால் கோடு போடலாம். அப்படியே பெருக்கினால் கிளம்பி மறுபடியும் வந்து உட்காரும். அதனால் முதலில் வாசலில் தண்ணீர் தெளிப்பேன். பிறகு உள்தரையில் தெளிப்பேன். அப்படியே போகிற போக்கில் தொட்டி மணல் மேலும் தெளித்துவிடுவேன். தூசி அடங்கி மணலோடு ஒட்டிக்கொள்ளும், பார்க்கக் கருப்பாகத் தெரியாது. காசிமேட்டில் என் அம்மா வாசலில் செய்ததை நான் இங்கே செய்தேன். யாரும் செய்யச் சொன்னதில்லை. வேண்டாம் என்று சொல்லவும் அந்த நேரத்தில் அங்கே ஆள் இருந்ததில்லை.

முகத்துவார வேலை நடக்கும்வரை இதனால் ஒரு கெடுதலும் இல்லை. எப்படியும் தண்ணீர் விடப் போகிற மணல்தானே.

பிறகுதான் மேடம் வந்தார். பெயர் எழுதவில்லை, எழுதினால் கோபித்துக்கொள்வார். ராயபுரத்தில் மளிகை மொத்த வியாபாரம் செய்த தெற்கத்திக் குடும்பத்துப் பெண். சத்தமாகப் பேசுவார், வேகமாக நடப்பார், சாப்பிட்ட டப்பாவைத் தானே கழுவுவார். வந்த முதல் வாரத்தில் என்னைக் கூப்பிட்டு ஒரு படத்தைக் காட்டினார். மேடு, பள்ளம், நடுவில் கிளை கிளையாகப் பிரிந்து போகிற ஒரு தடம்.

“இது எந்த ஊருன்னு சொல்லுங்க ஆரோக்கியம்மா.”

தண்ணீர் வற்றின நேரத்தில் நெட்டுக்குப்பம் பக்கம் உப்பங்கழி இப்படித்தான் இருக்கும் என்றேன். மேடம் சிரிக்கவில்லை. படத்தைத் திருப்பி என் பக்கம் வைத்து, இது செவ்வாய் கிரகம், உங்கள் கண்ணுக்கும் ஆறு மாதிரிதான் தெரிகிறது, எல்லோருக்கும் அப்படித்தான் தெரிகிறது, அதுதான் பிரச்சினை என்றார். இப்போது அங்கே ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஓடவில்லையாம். அப்படியானால் இந்தத் தடத்தை அறுத்தது எது என்று உலகம் முழுக்கச் சண்டையாம்.

எனக்குப் புரிகிற மாதிரி கட்சி கட்சியாகப் பிரித்துச் சொன்னார். ஒரு கட்சி, அது தண்ணீர்தான், முன்னொரு காலத்தில் வெள்ளமாக ஓடியது என்கிறது. இன்னொரு கட்சி, அது எரிமலைக் குழம்பு என்கிறது. குழம்பும் தண்ணீர் மாதிரி ஓடிப் பள்ளம் பறிக்குமாம். மூன்றாவது கட்சி, சாதாரணத் தண்ணீர் அந்தக் குளிரில் உறைந்துவிடும், கெட்டியான உப்புத் தண்ணீராக இருந்தால்தான் ஓடும் என்கிறது. இன்னும் சிலர், நாம் மூச்சில் வெளியே விடுகிற வாயுவே அழுத்தத்தில் திரவமாகி ஓடியது என்கிறார்கள். மேடம் குழம்புக் கட்சி. அதில் எல்லாத் தடமும் சேராது, சில பெரிய தடங்கள் மட்டும் என்பார். அந்தச் “சில” என்ற சொல்லை அழுத்திச் சொல்வார்.

தண்ணீர்க் கட்சியில் ஒரு சார் இருந்தார். வேறு ஊரில் வேறு லேப். மேடமும் அவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். வருஷத்துக்கு ஒன்றிரண்டு முறை வருவார். கதவுக்குள் கால் வைக்கும்போதே, “மெழுகுவத்திக் கடை திறந்தாச்சா?” என்பார். மேடம் தலையைத் தூக்காமல், “ஆரோக்கியம்மா, தண்ணி லாரி வந்துடுச்சு, குடத்த எடுத்துட்டு வாங்க” என்பார். அப்புறம் இரண்டு பேரும் மேசையைத் தட்டித் தட்டிச் சண்டை போடுவார்கள். முதலில் எல்லாம் நான் டீத் தட்டை வைத்துவிட்டு வெளியே போய்விடுவேன். போகப் போகத்தான் கவனித்தேன். சார் சொல்வதில் ஒன்று சரியாக இருந்தால், மேடம் சண்டையின் நடுவிலேயே அதை நோட்டில் குறித்துக்கொள்வார். சாரும் அப்படித்தான். எதிராளி சொன்னதை எழுதி வைத்துக்கொண்டு சண்டை போடுகிறவர்களை நான் எங்கள் தெருவில் பார்த்ததில்லை.

மெழுகுவத்திக் கடை என்று அவர் சொன்னதற்குக் காரணம் உண்டு. எரிமலைக் குழம்பைத் தொட்டியில் ஊற்ற முடியாது. அதனால் மேடம் மெழுகை உருக்கி ஊற்றுவார். ஓட ஓட ஆறி இறுகுவதில் அதுவும் குழம்பு மாதிரிதானாம். மணல் மட்டும் காய்ந்த மணலாக இருக்க வேண்டும். மொட்டை மாடியில் வெயிலில் காயவைத்து, சலித்து, சாயங்காலம் தொட்டியில் பரப்பி மட்டம் செய்து வைப்பேன். மறுநாள் பதினொரு மணிக்கு மெழுகை ஊற்றுவார்கள். மட்டமாக, சுத்தமாக வையுங்கள் என்பதுதான் எனக்குச் சொன்னது. நான் சுத்தமாக வைத்தேன். காலையில் எப்போதும் போலத் தெளித்தேன்.

நீங்கள் கேட்பீர்கள், ஈரம் கண்ணுக்குத் தெரியாதா என்று. தெரியாது. ஒன்பதரைக்கெல்லாம் கேமராவுக்கான பெரிய விளக்குகளைப் போட்டுவிடுவார்கள். அந்தச் சூட்டில் மேல்மணல் வெளுத்துவிடும். மேலே தடவிப் பார்த்தால் காய்ந்துதான் இருக்கும்.

மெழுகு ஓடியது. எப்படி ஓடியது என்கிறீர்கள். மணலை அரித்துக்கொண்டு, இரண்டு பக்கமும் கரை எழுப்பிக்கொண்டு, நடுவில் தீவு விட்டுக் கிளை பிரிந்து, அந்தப் படத்தில் பார்த்த மாதிரியே ஓடியது. மேடத்தோடு ஆராய்ச்சி செய்த பெண் ஒருத்தி இருந்தாள், மணலி புதுநகரிலிருந்து பஸ்ஸில் வருவாள். அவள் துள்ளிக் குதித்தாள். திரும்பத் திரும்ப ஊற்றினார்கள். ஒவ்வொரு முறையும் ஓடியது. மேடம் கட்டுரை எழுதி வெளிநாட்டுப் பத்திரிகைக்கு அனுப்பினார். அந்தப் பெண்ணின் டாக்டர் பட்டத்துக்கும் அதுதான் ஆதாரம்.

கட்டுரையைப் படித்த சார் போனில் கூப்பிட்டார். நானும் மெழுகு ஊற்றிப் பார்த்தேன், என் மணலில் அது ஓடவே இல்லை, மணலுக்குள் இறங்கி அப்படியே இறுகிவிட்டது, உன் தொட்டியில் என்னமோ இருக்கிறது என்றார். மேடம், நேரில் வந்து பார் என்றார். வருகிறேன், தனியாக வரமாட்டேன், இந்த விஷயம் தெரிந்த இன்னும் ஏழெட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றார் அவர். நாள் குறித்தார்கள். அன்றைக்கு எல்லோர் கண் முன்னாலும் மெழுகு ஓட வேண்டும். ஓடாவிட்டால் மேடம் சொன்னது பொய் என்று ஆகிவிடும். அவர் பெயர் போய்விடும். இதை எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கொட்டகையில் எல்லோருக்கும் தெரிந்துதான் இருந்தது.

அதற்கு இரண்டு வாரம் முன்னால், ராயபுரத்தில் என் தங்கை மகளுக்குச் சர்ச்சில் கல்யாண ஓலை வாசிப்பு, நிச்சயம் எல்லாம் இருந்தது. இரண்டு நாள் லீவு போட்டேன். அந்த இரண்டு நாளும் மெழுகு ஓடவில்லை. மேடம் மெழுகைச் சந்தேகப்பட்டார், சூடு பார்க்கும் கருவியை மாற்றினார், தொட்டியின் சாய்வை அளந்தார். மூன்றாம் நாள் நான் வந்தேன். மெழுகு ஓடியது. அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, “ஆன்ட்டி, உங்க கை ராசி. இனிமே லீவே போடாதீங்க” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். மேடம் மட்டும் சிரிக்காமல், அந்த இரண்டு நாளுக்குக் காரணம் தெரியும்வரை எனக்குத் தூக்கம் வராது என்றார். நான் வீட்டுக்குப் போய் என் கை ராசியைப் பற்றி மருமகளிடம் பெருமையாகச் சொன்னேன். அதை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

குறித்த நாள் வந்தது. அன்றைக்குச் சீக்கிரமே போய்விட்டேன். வாசல் தெளித்து, தரை தெளித்து, பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு தொட்டிக்கு வந்தேன். தொட்டி அகலம் என்பதால் ஒரு பக்கமாக நின்று பாதிவரை தெளிப்பேன், அப்புறம் சுற்றிவந்து மறு பக்கம் நின்று மீதியைத் தெளிப்பேன். வாசல் பக்கத்துப் பாதியை முடித்துவிட்டு மறு பக்கம் வந்தேன். பக்கெட்டில் கையை விட்டு எடுத்தேன். அப்போதுதான் அந்தப் பெண் சொன்னது ஞாபகம் வந்தது. உங்க கை ராசி.

கையைப் பார்த்தேன். தண்ணீர் சொட்டிக்கொண்டு இருந்தது.

நான் இல்லாத நாளில் இங்கே எல்லாமே நடந்தது. மணலைச் சலித்தார்கள், பரப்பினார்கள், மட்டம் செய்தார்கள், தரையைக்கூட அந்தப் பெண் பெருக்கியிருக்கிறாள். நடக்காதது ஒன்றே ஒன்றுதான். அது என் கையில் இருந்தது.

பக்கெட்டைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எங்கள் வாட்ச்மேன், அவரை எல்லோரும் நைனா என்றுதான் கூப்பிடுவோம், டீயோடு வந்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டார். சொன்னேன். அவர் தொட்டியைப் பார்த்தார், பக்கெட்டைப் பார்த்தார்.

“இன்னாத்துக்கு உனுக்கு இந்த பேஜாரு?” என்றார். “மீதி பாதியும் தெளிச்சுட்டு கம்முனு இரு. மெழுகு ஓடிகினு போவும், வந்தவன் பாத்துட்டுப் போய்கினே இருப்பான். யாருக்குத் தெரியும்?”

“எனுக்குத் தெரியுமே நைனா.”

“நீ இன்னா சைன்டிஸ்ட்டா?” என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. என் மேல் இருந்த அக்கறையில் சொன்னார். என்னை நிரந்தரமாக்க மேடம் எழுதிக்கொடுத்த காகிதம் அப்போதுதான் மேலிடத்துக்குப் போயிருந்தது. அது அவருக்குத் தெரியும்.

மீதியைத் தெளித்தால் மேடத்தின் பெயர் இன்றைக்குத் தப்பிக்கும். ஆனால் அந்தச் சார் ஊருக்குப் போய்த் தன் காய்ந்த மணலில் மறுபடி ஊற்றுவார், அது ஓடாது, என்றைக்காவது ஒருநாள் யாராவது கண்டுபிடிப்பார்கள். அப்போது மேடம் ஏமாற்றினார் என்பார்களே தவிர ஆரோக்கியம் தெளித்தாள் என்று சொல்லமாட்டார்கள். தெளிக்காமல் விட்டுப் பேசாமல் இருந்தால், ஏன் என்றே தெரியாமல் அத்தனை பேர் முன்னால் அவர் தலைகுனிந்து நிற்பார். சொல்லிவிடலாம் என்றால் அதற்கும் துணிவில்லை. எனக்கு நாற்காலி போட்டு உட்காரச் சொன்ன முதல் ஆள் அவர். அவருடைய இரண்டு வருஷ வேலையை நான் கெடுத்துவிட்டேன் என்று அவரிடம் எந்த வாயால் சொல்வது?

மேடம் நேரே லேபுக்கு வரவில்லை. விருந்தாளிகளை அழைத்து வரப் போயிருந்தார். பத்தரைக்கு இரண்டு காரில் எல்லோருமாக வந்து இறங்கினார்கள். அதற்குள் விளக்குச் சூட்டில் தொட்டியின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வெளுத்துப் போயிருந்தன. நான் டீத் தட்டை எடுத்துக்கொண்டு போனேன். சார் ஒரு கப்பை எடுத்துக்கொண்டே, “மெழுகு சூடாயிடுச்சா?” என்று மேடத்தைச் சீண்டினார். மேடமும் பதில் சொல்லிக்கொண்டு இருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

“மேடம், கொஞ்சம் தொட்டிகிட்ட வரீங்களா?”

“அப்புறம் வரேன் ஆரோக்கியம்மா.”

“அப்புறம்னா லேட்டாயிடும் மேடம்.”

என் குரலில் என்ன இருந்ததோ, உடனே எழுந்து வந்தார். தொட்டிக்குப் பின்னால் நின்று, காலையில் தூசிக்காகத் தண்ணீர் தெளிப்பதைச் சொன்னேன். இரண்டு வாக்கியத்தில் முடிந்துவிட்டது. அவர் என்னையே பார்த்தார். பிறகு குனிந்து வாசல் பக்கத்து மணலில் ஆள்காட்டி விரலை உள்ளே விட்டார். வெளியே எடுத்தபோது நுனியில் ஈரமணல் ஒட்டியிருந்தது. மறு பக்கம் போய் அங்கேயும் விட்டார். விரல் சுத்தமாக வந்தது.

“எத்தன நாளா?”

“மெழுகு வந்த முதல் நாள்லேர்ந்து மேடம். அதுக்கு முன்னாடியும்தான்.”

“லீவு போட்ட ரெண்டு நாளத் தவிர.”

“ஆமா மேடம்.”

அவர் கண்ணை மூடிக்கொண்டார். நான் திட்டு விழும் என்று காத்திருந்தேன். விழுந்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். கண்ணைத் திறந்தவர், “இத யாரு கண்டுபிடிச்சது?” என்றார். நான்தான், இன்றைக்குக் காலையில், தெளிக்கும்போது என்றேன். “பாதியில நிறுத்தினது நல்லதாப் போச்சு. இனிமே யாரும் மணலத் தொட வேண்டாம்” என்றார். அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு மெழுகை இரண்டு பாத்திரமாகப் பிரிக்கச் சொன்னார். அவள் ஏன் என்று கேட்டாள். சொன்னார். அவள் முகம் செத்துவிட்டது.

அன்றைக்கு மேடத்துக்கு இருந்தது கால் மணி நேரம்கூட இல்லை. கரண்ட் இல்லை, மெழுகு சரியில்லை, இன்னொரு நாள் வாருங்கள் என்று அவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கலாம். உள்ளே வைத்து நிதானமாகப் பார்த்துக்கொண்டிருக்கலாம். அவர் நேராகப் போய் எல்லோர் முன்னாலும் நின்றார். நான் சுவரோரம் போய்விட்டேன்.

“நான் அனுப்பின கட்டுரையில ஒரு தப்பு இருக்கு,” என்றார். “காஞ்ச மணல்னு எழுதியிருக்கேன். மணல் காஞ்சு இல்ல. மேல தடவிப் பாத்தேன், உள்ள விரல விட்டுப் பாக்கல. அது என் தப்பு. எங்க அட்டெண்டர் இன்னிக்குக் காலையில அதக் கண்டுபிடிச்சிருக்காங்க. இந்தத் தொட்டியில வாசல் பக்கம் ஈரம், அந்தப் பக்கம் காஞ்சது. ரெண்டுலயும் ஊத்தப் போறேன். பாருங்க.”

பிள்ளைகளே, அட்டெண்டர் செய்த தப்பு என்று அவர் சொல்லியிருக்கலாம். அதுவும் உண்மைதான். யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். அவர் என் பேரில் வைத்தது கண்டுபிடித்ததை மட்டும்தான், தப்பைத் தன் பேரில் வைத்துக்கொண்டார். அதையும் யோசித்து, மனதைத் தேற்றிக்கொண்டு சொல்லவில்லை. நேரம் கேட்டால் மணி சொல்கிற மாதிரிச் சொன்னார். எத்தனையோ பெரிய ஆட்கள் இந்தக் கொட்டகைக்கு வந்து போயிருக்கிறார்கள். நான் மனதுக்குள் பெரிய ஆள் என்று வைத்திருப்பது அந்த நிமிஷத்து மேடத்தைத்தான்.

ஊற்றினார்கள். காய்ந்த பக்கத்தில் மெழுகு ஒரு முழம்கூடப் போகவில்லை. மணல் அதைக் குடித்துவிட்டது, மேலே ஒரு தடித்த ஏடு மட்டும் நின்றது. ஈரப் பக்கத்தில் உள்ளே இறங்க வழியில்லாமல் மேலேயே ஓடி, மணலைப் பறித்துக்கொண்டு, தீவும் கிளையுமாகக் கடைசிவரை போனது. ஒரே மெழுகு, ஒரே சூடு, ஒரே சாய்வு.

விருந்தாளிகளில் ஒருவர் சிரித்துவிட்டார். கடைசியில் அந்தம்மா குழம்பும் தண்ணீர் தயவில்தான் ஓடியிருக்கிறது என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். மேடத்துக்கு அது கேட்டது. நான் சாரைப் பார்த்தேன். அவர் ஜெயித்த நாள் அது. இத்தனை வருஷ மெழுகுவத்திக் கடை கேலிக்கெல்லாம் சேர்த்து அன்றைக்கு அவர் சிரிக்கலாம். அவர் பேன்ட்டில் மணல் படுவதைப் பார்க்காமல் முட்டி போட்டு உட்கார்ந்து, இரண்டு பக்கமும் மாறி மாறி விரலை விட்டுப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

“சிரிக்காதீங்க,” என்றார், தலையைத் திருப்பாமல். “நானும்தான் மாட்டியிருக்கேன். காஞ்ச மணல்லயே ஊத்தி ஊத்தி, குழம்பால முடியவே முடியாதுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டு வந்துருக்கேன். செவ்வாயில தரை காஞ்சுதான் இருந்துச்சுன்னு எனக்கு யாரு சொன்னா?”

அவர் எழுந்து மேடத்தைப் பார்த்து, “மேல எது ஓடுச்சுன்னே சண்டை போட்டுட்டு இருந்தோம். கீழ என்ன இருந்துச்சுன்னு நீயும் கேக்கல, நானும் கேக்கல” என்றார். மேடம் அதை நோட்டில் குறித்துக்கொண்டார்.

இதோடு எல்லாம் நல்லபடி முடிந்தது என்று எழுதினால் அது சரியாக இருக்காது. மேடம் மறுநாளே கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். எங்கள் மேலிடத்தில் அவரைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்டார்கள். அந்தப் பெண்ணுக்கு அதுவரை செய்ததெல்லாம் வீண். வீட்டில் கல்யாணத்துக்கு நாள் பார்த்துக்கொண்டு இருந்த நேரம். “ரெண்டு வருஷம் போச்சு ஆன்ட்டி” என்று மட்டும் சொன்னாள். அதற்குப் பிறகு ஒரு மாதம்போல என்னோடு பேசவில்லை. டீ கொடுத்தால் வாங்கிக்கொள்வாள், நிமிர்ந்து பார்க்கமாட்டாள். எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

ஒருநாள் காலை ஏழு மணிக்கே வந்து நின்றாள். கையில் ஒரு அகலத் தட்டு. அதைத் தராசின் மேல் வைத்து, “எப்பவும் தெளிக்கிற மாதிரி ஒரு கை தெளிங்க ஆன்ட்டி” என்றாள். தெளித்தேன். எடையை எழுதிக்கொண்டாள். துடைத்துவிட்டு மறுபடி தெளிக்கச் சொன்னாள். கை சலிக்கும்வரை தெளிக்க வைத்தாள். கடைசியில் பேப்பரைப் பார்த்துக்கொண்டே, ஒரு கைக்கும் அடுத்த கைக்கும் பெரிய வித்தியாசமே இல்லை, எப்படி என்று கேட்டாள். நாற்பது வருஷமாக வாசல் தெளிக்கிறேன் என்று சொன்னேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

என் கை ஒவ்வொரு நாளும் ஒரே அளவு போட்டதால், முன்பு எடுத்த கேமராப் படங்கள் முழுக்க வீண் போகவில்லை. ஈரம் எவ்வளவு இருந்தது என்று கணக்குப் போட முடிந்தது. ஈரம் கூடக் கூடக் குழம்பு எப்படி அறுக்கிறது என்று அதையே அவள் தன் ஆராய்ச்சியாக மாற்றிக்கொண்டாள். கல்யாணம் முடிந்துதான் பட்டம் வாங்கினாள். புதுக் கட்டுரையில் மேடம் பெயரோடு சார் பெயரும் சேர்ந்து வந்தது. எனக்கு நிரந்தர வேலைக் காகிதமும் வந்தது. கொஞ்சம் தாமதமாக.

சண்டை மட்டும் தீரவில்லை. இந்தத் தடத்தை அறுத்தது தண்ணீரா, குழம்பா, உப்புநீரா, எல்லாம் மாறி மாறியா என்று இன்றைக்கும் யாரும் முடிவாகச் சொல்லவில்லை. மேடம் போனில் பேசும்போது கேட்டேன். “ஒரே திரவம்தான்னு நம்பினதுதான் எங்க எல்லார் அவசரமும் ஆரோக்கியம்மா” என்றார். பின்னாலேயே, ஆனாலும் அந்தப் பெரிய தடங்கள் சில குழம்புதான் என்று சேர்த்துக்கொண்டார்.

நான் உங்களுக்குச் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். வேலை நோட்டில் கடைசிக் கட்டத்தில் “மணலில் கை வைத்தவர், என்ன செய்தார்” என்று ஒரு பத்தி இருக்கிறதல்லவா, அது அந்த வாரம் மேடம் கோடு போட்டது. போன மாதம் வந்தபோது புரட்டிப் பார்த்தேன். நிறைய இடத்தில் “எப்போதும் போல” என்று எழுதியிருக்கிறீர்கள். நானும் எப்போதும் போலத்தான் செய்துகொண்டிருந்தேன். என்ன செய்தீர்களோ அதை எழுதுங்கள், சின்ன விஷயமாகப் பட்டாலும். பிறகு ஒரு நாள், நாம் செய்ததுதான் காரணம் என்று தெரியவந்தால், தெரிந்த அந்த நேரத்திலேயே போய்ச் சொல்லிவிடுங்கள். பயமாகத்தான் இருக்கும். எனக்கு இருந்தது. மேலே இருப்பவர்களுக்கும் ஒன்று சொல்லலாமா என்று தயக்கம். சொல்ல வருகிறவர்கள் முதல் வாக்கியத்தை முடிக்கும்வரை முகத்தை மாற்றாதீர்கள்.

இதைத் தட்டச்சு செய்யப் போகிற பிள்ளை யாராக இருந்தாலும் ஒரு உதவி செய்ய வேண்டும். ஈரமாக இருந்தது வாசல் பக்கம் என்று எழுதியிருக்கிறேன், ஆனால் எழுதும்போதே ஒரு சந்தேகம், மறு பக்கமாக இருக்குமோ என்று. லீவு போட்டது இரண்டு நாளா மூன்று நாளா என்பதும் அப்படித்தான். விருந்தாளிகள் வந்தது பத்தரைக்கு என்பது உத்தேசம். அந்த நாளின் நோட்டு இரும்பு அலமாரியில் இருக்கும், கேமராப் படமும் இருக்கும். எடுத்துப் பாருங்கள். நான் சொன்னதும் நோட்டில் இருப்பதும் வேறாக இருந்தால், வயதானவள் மனம் நோகும் என்று அப்படியே விட்டுவிடாதீர்கள். என் வரியை அடித்துவிட்டு நோட்டில் உள்ளதை எழுதுங்கள். பக்கத்தில் திருத்தியது யார் என்று உங்கள் பெயரையும் போடுங்கள்.